கழண்டு போற நட்டா, கழட்டிட்டுப் போற நட்டா?

கேள்வி இதுதான். ஒருத்தர் மாடியில சோலார் பேனல் ஸ்டாண்டு வெச்சிருக்கார், வெளிய ஒரு இரும்பு கேட்டு, ஷெட்டுக்குள்ள மோட்டார் பம்பு. மூணுலயும் நட்டு துரு ஏறிப்போய் மாத்தற நெலமைல இருக்கு. "லாக் நட்டுனு பேர்லயே லாக் இருக்கே, மூணுக்கும் உள்ள நைலான் வளையம் வெச்ச நைலாக்கே வாங்கிப் போட்டுட்டா அதிர்வுக்கும் ஆச்சு திருட்டுக்கும் ஆச்சு, சரிதானே?"னு கேக்கறார்.

சரியில்லீங்க. அந்த லாக்குங்கற வார்த்தைதான் பாதி பேர ஏமாத்துது. லாக் நட்டுன்னா அது தானா கழண்டு வராம இருக்கறதுக்கு, எவனோ வந்து கழட்டாம இருக்கறதுக்கு இல்ல. எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வர்ற நைலாக்க ஒரு 13 நம்பர் ஸ்பேனர் வெச்சிருக்கற எவனும் சாவகாசமா கழட்டிட்டுப் போவான், சாதா நட்ட விட கொஞ்சம் இறுக்கமா வரும், அவ்ளோதான் வித்தியாசம். அதே மாதிரி திருட்டுக்குன்னு விக்கற ஷியர் நட்டு இருக்கு, முறுக்கினதும் தலை முறிஞ்சு வந்துடறது, எந்த ஸ்பேனரும் பிடிக்காது, ஆனா அதிர்ற மெஷின்ல போட்டா யார் கையும் படாம தானே மெதுவா லூஸ் ஆகும். கழண்டு போறது ஒரு வியாதி, கழட்டிட்டுப் போறது இன்னொரு வியாதி, ரெண்டுக்கும் ஒரே மாத்திரை கெடையாது. அதனால எந்த நட்டு வாங்கணும்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இந்த எடத்துல எனக்கு எதிரி அதிர்வா ஆளான்னு முடிவு பண்ணுங்க. ரெண்டும்னா ரெண்டு வேலை பண்ணணும்.

மொதல்ல தானா கழல்றத பாப்போம், ஏன்னா இதுலதான் தப்பான நம்பிக்கை ஜாஸ்தி. நட்ட முறுக்கும்போது என்ன நடக்குதுன்னா போல்ட்டு ஒரு ரப்பர் மாதிரி துளி நீளுது, அந்த இழுவைதான் ரெண்டு பாகத்தையும் சேத்துப் பிடிக்குது. நாம ஸ்பேனர்ல போடற பலத்துல ஏறக்குறைய பாதி நட்டோட அடிப்பக்கம் உரசுறதுலயே போயிடும், இன்னொரு 40 சதவீதம் மறையில உரசுறதுல போயிடும், மிச்சம் 10 சதவீதம்தான் நெஜமா போல்ட்ட இழுக்குது. அப்ப மறையில ஒரு சொட்டு ஆயில் பட்டாலே கணக்கு எவ்ளோ மாறும்னு பாத்துக்கோங்க. இந்த உரசல்தான் நட்ட தடுத்து நிறுத்தி வெச்சிருக்கு. ஜெர்ஹார்ட் யுங்கர்னு ஒரு ஜெர்மன் இன்ஜினியர் 1969ல காட்டுனது என்னன்னா, போல்ட்ட மேலயும் கீழயும் இழுக்கற ஆட்டத்த விட குறுக்க நழுவற ஆட்டம்தான் நட்ட கழட்டுது, பாகம் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு இத்துணூண்டு நழுவினாக்கூட அந்த நேரத்துக்கு உரசல் செத்துடும், நட்டு ஒரு துளி திரும்பும், அப்படி ஆயிரம் துளி சேந்தா நட்டு கீழ கெடக்கும். இன்னைக்கும் லாக்கிங் சாமான டெஸ்ட் பண்றதுக்கு அவர் பேர்ல இருக்கற மெஷின்தான்.

அதனால என் கணக்குல மொத லாக்கு ஒழுங்கான முறுக்குதான். தலையில 8.8னு பலத்தோட கிளாஸ் போட்ட போல்ட்டு ஆயில் இல்லாம சுத்தமா இருந்தா எம்8க்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10க்கு 50 பக்கம், எம்12க்கு 85 பக்கம். முறுக்கற பலத்த அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் இல்லாதவங்க பாதி பேர் எம்8அ முறிக்கறாங்க, எம்16அ பாதிலயே விட்டுடறாங்க, கை பழக்கம் அப்படித்தான். இன்னொண்ணு, நட்டோட கிளாஸ் போல்ட்டுக்கு சமமா இருக்கணும், 8.8க்கு 8 நட்டு, 10.9க்கு 10 நட்டு. போல்ட்டு மட்டும் பயில்வான், நட்டு நோஞ்சான்னா மறை வழிச்சுக்கும்.

ஸ்ப்ரிங் வாஷர பத்தி சொன்னா சண்டைக்கு வருவாங்க, பரவால்ல சொல்றேன். வெட்டு விழுந்த அந்த சுருள் வாஷர், முழு முறுக்கு குடுத்ததும் தட்டையாயிடும், அதுக்கப்பறம் அது வெறும் வட்ட வாஷர்தான். நாசா 1990ல போட்ட ஃபாஸ்டனர் கையேட்லயே இதால பூட்ற வேலை நடக்கறதில்லன்னு நேரடியா எழுதியிருக்காங்க. யுங்கர் மெஷின்ல வெச்சா சில சமயம் வெறும் நட்ட விட மோசமா வரும். இருந்தாலும் போடறோம், ஏன்னா அப்பா போட்டார், மேஸ்திரி போட்டார். சின்ன கரண்ட் டெர்மினல்ல இருந்துட்டுப் போகட்டும், பம்பு கால்ல அத நம்பி இருக்காதீங்க.

இப்ப நைலாக். உள்ள தலைப்பக்கம் ஒரு நைலான் வளையம், அதுல மறை இருக்காது, போல்ட்டு போகும்போது தானே மறை போட்டுக்கிட்டுப் போகும், அந்த நைலான் போல்ட்ட கவ்விப் பிடிக்கும். டின் 985, ஐஎஸ்ஓ 7040னு தர நம்பர் பெட்டில போட்டிருக்கும். எனக்கு ரொம்ப பிடிச்ச சாமான், ஆனா அதோட நெஜமான குணம் பலருக்குத் தெரியாது. அது முறுக்கு குறையறத முழுசா தடுக்காது, குறுக்க ஆட்டம் இருந்தா நைலாக்கும் கொஞ்சம் லூஸ் ஆகத்தான் செய்யும், ஆனா கழண்டு கீழ விழாம அங்கயே தொங்கிட்டு இருக்கும், நாம வந்து பாக்கற வரைக்கும் டைம் குடுக்கும். அதனாலதான் முறுக்கவே கூடாத எடத்துக்கு, அதாவது ஆடணும் ஆனா விழக்கூடாதுங்கற மூட்டு, கத்தரி மாதிரி திரும்பற லிவரு, மடிக்கிற நாற்காலி காலு, இதுக்கெல்லாம் நைலாக்க அடிச்சுக்க ஆளில்ல. ஆனா போல்ட்டே சேந்து சுத்தற எடம்னா வேணாம், அதுக்கு பின்னு போட்ட நட்டு.

நைலாக்ல மூணு விஷயம் கண்ணால பாருங்க. போல்ட்டு முனை நைலான தாண்டி குறைஞ்சது ரெண்டு மறையாவது வெளிய தெரியணும், நைலான் வரைக்கும் வந்து நின்னா அது சாதா நட்டுதான். நைலாக்க வெறும் விரலால கடைசி வரைக்கும் திருக முடிஞ்சா அது செத்த நட்டு, தூக்கிப் போடுங்க, ஏரோப்ளேன் மெயின்டெனன்ஸ்லயும் இதே விரல் டெஸ்ட்தான். அப்பறம் சூடு, 120 டிகிரி தாண்டினா நைலான் தளர்ந்துடும். ஒரு எடத்துல ஜெனரேட்டர் சைலன்சர் ஃபிளாஞ்சுல புத்தம்புது நைலாக் போட்டு வெச்சிருந்தாங்க, நான் போய் பாத்தப்ப நட்டு ஒவ்வொண்ணோட தலையிலயும் கருப்பா ஒரு கோடு, வளையம் இருந்த எடத்துல கரி, ஸ்பேனரே வேணாம் கையால கழட்டினேன். யாரும் தப்பான நட்டு வாங்கல, நல்ல நட்ட தப்பான எடத்துல வெச்சாங்க.

அந்த மாதிரி சூட்டு எடத்துக்கு முழுக்க இரும்பாலயே ஆன லாக் நட்டு இருக்கு. தலைய லேசா நசுக்கி முட்டை வடிவமாவோ கூம்பாவோ ஆக்கியிருப்பாங்க, அந்த நசுங்கின மறை போல்ட்ட கடிச்சுக்கும், ஸ்டோவர் நட்டுன்னு சொல்றது இந்த ஜாதிதான். சைலன்சர் பக்கத்துக்கு செம்பு முலாம் பூசினது வரும், அது துரு பிடிச்சு ஒட்டிக்காம வரும். குறைன்னா இது போல்ட்டு மறைய கொஞ்சம் சேதம் பண்ணும், அடிக்கடி கழட்டி மாட்ற எடத்துல வேணாம்.

வாஷர் சின்ன சாமான்தானேன்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். 2007 ஆகஸ்ட் 20ம் தேதி ஜப்பான் ஒக்கினாவாவுல நாஹா ஏர்போர்ட்டுல சைனா ஏர்லைன்ஸோட 737 ஒண்ணு வந்து இறங்கி நின்னதும் தீப்பிடிச்சுது. ரெக்கையோட முன்பக்கம் வெளிய வந்து போற ஸ்லாட்டுன்னு ஒரு பாகம், அதுல ஒரு போல்ட்டு நட்டு. அதுக்கு முன்ன நடந்த மெயின்டெனன்ஸ்ல ஒரு வாஷர் விட்டுப் போச்சு, நட்டு அந்த ஓட்டைய விட சின்னது, வாஷர் இல்லாததால நட்டு ஓட்டை வழியாவே நழுவி போல்ட்டோட உள்ள விழுந்துடுச்சு, ஸ்லாட்டு உள்ள இழுக்கும்போது அந்த போல்ட்டு எரிபொருள் டேங்க்க குத்திடுச்சு. 165 பேரும் ஓடி தப்பிச்சாங்க, ப்ளேன் எரிஞ்சு போச்சு. எவ்ளோ நல்ல லாக் நட்டா இருந்தாலும் ஓட்டைய விட சின்னதா இருந்தா என்ன பிரயோஜனம், உங்க சோலார் ஸ்டாண்டுல நீளமான ஓட்டைதானே இருக்கும், அங்க பெரிய தட்டை வாஷர் கண்டிப்பா போடுங்க.

அடுத்தது செக் நட்டு, ரெண்டு நட்டு போட்டு ஒண்ணோட ஒண்ண முட்ட விடறது. ஓசி வித்தை, ஒழுங்கா பண்ணினா நல்லா நிக்கும், ஆனா பத்துக்கு ஒம்பது பேர் தலைகீழாத்தான் போடறாங்க. மெல்லிசு நட்டு கீழ, பாகத்த ஒட்டி வரணும், தடிச்சது மேல. ஏன்னா மெல்லிச ஒரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு மேல தடிச்ச நட்ட முழுசா முறுக்கும்போது பாரம் பூரா மேல் நட்டுக்கு மாறிடும், கீழ இருக்கற மெல்லிசோட மறை போல்ட்டு மறையோட எதிர்ப்பக்கம் சாஞ்சுக்கும், அப்படி ரெண்டு நட்டும் எதிரும் புதிருமா போல்ட்ட நெரிக்கறதுதான் பூட்டு. பாரம் தாங்கறவன் தடியனா இருக்கணுமா நோஞ்சானா இருக்கணுமா? அப்பறம் கீழ் நட்ட மொதல்லயே முழு முறுக்கு முறுக்கிடாதீங்க, கால்வாசியிலிருந்து அரைவாசி போதும், மேல் நட்ட முறுக்கும்போது கீழ் நட்டு கூட சேந்து சுத்தாம ஸ்பேனர் பிடிச்சே ஆகணும், ரெண்டு ஸ்பேனர் இல்லாம செக் நட்டு வேலைக்கு இறங்கறதே வீண். இங்கிலாந்துல பாட்டர்ஸ் பார்னு ஒரு ஸ்டேஷன்ல 2002 மே 10ல ரயில் தடம் புரண்டு 7 பேர் செத்தாங்க, தண்டவாளம் பிரியற எடத்துல ரெண்டு பக்கத்தையும் இணைக்கற கம்பியோட நட்டுங்க கழண்டு போயிருந்துச்சு. பூட்டறதோட முடியாது, அப்பப்ப போய் பாக்கணும். நட்டுலயும் போல்ட்டுலயும் சேத்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்து விடுங்க, கோடு விலகினா நட்டு நகந்துடுச்சுன்னு தூரத்துலருந்தே தெரியும், இதுக்கு மேல சிக்கனமான இன்ஸ்பெக்ஷன் கெடையாது.

உயிர் போற எடம், வண்டி ஸ்டியரிங் மூட்டு, வீல் பேரிங், அங்க இன்னும் கேஸில் நட்டும் ஸ்ப்ளிட் பின்னும்தான். கோட்டை மதில் மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், போல்ட்டுல ஓட்டை, பின்ன குத்தி மடக்கிட்டா நட்டு திரும்பவே முடியாது. ஸ்டியரிங் மூட்டுல ஓட்டையும் வெட்டும் நேரா வரலன்னா அடுத்த வெட்டு வரைக்கும் முறுக்குங்க, பின்னால தளர்த்தி நேர் பண்ணாதீங்க. பேரிங்குக்கு மட்டும் இது பொருந்தாது, அதுக்கு தளர்த்தற கணக்கே தனி. பழைய பின்ன நிமித்தி திரும்ப போடறது பேராசை.

நெஜமான அதிர்வு இருக்கற எடத்துக்கு என் கை தானா போறது ஜோடி வாஷருக்குத்தான், நார்ட் லாக் மாதிரி. ரெண்டு வாஷர், உள்பக்கம் சரிவுப் பல்லு ஒண்ணோட ஒண்ணு உக்காந்திருக்கும், வெளிப்பக்கம் ரம்பப் பல்லு நட்டையும் பாகத்தையும் கடிச்சுக்கும். அந்த உள் சரிவு போல்ட்டு மறையோட சரிவ விட செங்குத்தா இருக்கும், அதனால நட்டு பின்னால திரும்ப பாத்தா சரிவுல ஏறியாகணும், ஏறினா போல்ட்டு இன்னும் இறுகும், கழல நெனச்சாலே இறுகற மாதிரி ஒரு ஏற்பாடு. ஆனா இதுக்கு அடியில சாதா தட்டை வாஷர் போட்டீங்கன்னா அந்த வாஷரே சேந்து சுத்தும், மொத்த வித்தையும் போச்சு. அடியில அகலமான வட்டத்துல பல்லு வெச்ச ஃபிளாஞ்ச் நட்டுக்கும் இதே கதைதான், தகரத்துல நேரா கடிக்கணும், பெயிண்ட் போகுமேன்னு வாஷர் வெக்கறவங்க பல்ல பிடுங்கிட்டு கடிக்கச் சொல்றாங்க. ஷிங்கன்சென் ரயில்ல போடற ஜப்பான்காரன் ஹார்ட்லாக் நட்டு இன்னொரு தினுசு, ஒரு நட்டோட மூக்கு சென்டர் விலகி இருக்கும், அது அடுத்த நட்டு குழில ஆப்பு மாதிரி ஏறும்.

லாக்டைட் மாதிரி ஊத்தற மருந்தும் இருக்கு. காத்து இல்லாத எடத்துல உலோகம் பட்டாதான் கெட்டியாகும், அதனாலதான் பாட்டில்ல பாதி காத்தோட விக்கறான், ஏமாத்து இல்ல. நீலம் ஸ்பேனர்ல வரும், சிவப்புக்கு 250 டிகிரி பக்கம் சூடு காட்டணும். மறைய ஆயில் இல்லாம தொடைச்சுட்டு ஊத்துங்க, ஒரு நாள் விடுங்க, எஸ்எஸ்ல, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மெதுவாத்தான் கெட்டியாகும்.

சரி, இப்ப ஆள் பிரச்சனை. இதுல மொத உண்மை, கிரைண்டர் வெச்சிருக்கறவன எந்த நட்டும் நிறுத்தாது. நாம வாங்கறது நேரத்தையும் சத்தத்தையும்தான், பத்து செகண்டு வேலைய பத்து நிமிஷமா ஆக்கறது, அமைதியா முடியறத நெருப்புப் பொறி பறக்கற வேலையா ஆக்கறது. நடு ஓட்டைல பின்னு வெச்ச ஆலன், ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் சும்மா கை அரிக்கறவனுக்குத்தான், அந்த பிட்டு செட்டு எவன் பெட்டிலயும் இருக்கு.

ஷியர் நட்டு எப்படின்னா, கீழ கூம்பு, நடுவுல மெல்லிசா ஒரு கழுத்து, மேல ஆறு மூலைத் தலை. சாதா ஸ்பேனர்ல முறுக்கிட்டே போவீங்க, ஒரு கட்டத்துல டக்குன்னு தலை கைல வந்துடும், மொத தடவை பண்றவன் போல்ட்ட முறிச்சுட்டோம்னு பயந்துடுவான். மிச்சம் வழவழ கூம்பு மட்டும், ஸ்பேனர் வழுக்கும். இது ஒரு வழிப் பாதை, திரும்ப கழட்டணும்னா நீங்களும் உளியும் கிரைண்டரும்தான். கூம்பு உயரமா நேரா இருந்தா பைப் ரெஞ்ச்லயோ கிரிப் பிளையர்லயோ பிடிச்சுடலாம், அதனால தாழ்வா படுத்த மாதிரி கூம்பு இருக்கறதா பாத்து எடுங்க, இல்ல குழிக்குள்ள பதியற மாதிரி வைங்க. கழுத்து முறியற பலத்த நட்டு செஞ்சவன் வெச்சது, அது உங்க போல்ட்டுக்குத் தேவையான முறுக்கு இல்ல, அதனால பாரம் தாங்கற எடத்துல இத மட்டும் நம்பாதீங்க. நல்ல நட்டு போட்டு சரியா முறுக்கிட்டு அதுக்கு மேல ஷியர் நட்ட காவல்காரனா உக்கார வைங்க, அதுக்குத் தகுந்த நீளத்துல போல்ட்டு வாங்கணும், இத கடைசி நிமிஷத்துல யோசிச்சா மறை பத்தாது.

இதுல நான் பாத்த பெரிய கூத்து ஒண்ணு. ஒரு எடத்துல பேனல் ஸ்டாண்டு முழுக்க ஷியர் நட்டு, பளபளன்னு ஒரே மாதிரி கூம்பு வரிசையா, பாக்கவே பெருமையா இருந்துச்சு. ஒரு மாசத்துல ரெண்டு பேனல் காணோம். கூம்பு எதுலயும் கீறல்கூட இல்ல. கீழ குனிஞ்சு பாத்தா போல்ட்டு தலை சாதா ஆறு மூலை, வந்தவன் நட்டு பக்கமே போகல, அடியில தலைய ஸ்பேனர்ல பிடிச்சு திருப்பிருக்கான், துருவுல நட்டு அங்கயே ஒட்டி நிக்க போல்ட்டு பாட்டுக்கு இறங்கி வந்துடுச்சு. முன் வாசலுக்கு ஏழு பூட்டு, பின் வாசல் திறந்து கெடக்கு. ஷியர் நட்டுன்னா தலைப்பக்கம் கேரியேஜ் போல்ட்டு போடுங்க, உருண்ட தலை, கழுத்து சதுரம், அந்த சதுரம் சதுர ஓட்டைல உக்காந்துட்டா ரெண்டு பக்கமும் பிடிமானம் இருக்காது.

பின்னால கழட்டற தேவை இருந்தா ஷியர் வேணாம், சாவி உள்ள நட்டு எடுங்க. கூம்புல மூணு பள்ளம் வெட்டினது ஒண்ணு, அதுக்குன்னு தனி சாக்கெட். அஞ்சு மூலை நட்டு இன்னொண்ணு, அமெரிக்கால தீயணைப்பு தண்ணிக் குழாய்ல இருக்கும், அஞ்சு பக்கம்னா எதிரெதிரா ரெண்டு பக்கம் இணையா இருக்காதுல்ல, ஸ்பேனர் வாய்க்கு பிடிக்கவே எடம் இல்ல. கார் வீலுக்கு வர்றது பூ மாதிரி வளைஞ்ச கோடு போட்ட நட்டு, ஒரு வீலுக்கு ஒண்ணு போதும், சின்ன சாக்கெட்ட அதுமேல சுத்தியால அடிச்சு ஏத்தி கழட்டற திருடன் இருக்கான், அதனால வெளி வளையம் தனியா சுத்தற மாதிரி உள்ளத எடுங்க, அடிச்சு ஏத்தினாலும் வளையம் மட்டும் சுத்தும். அதோட சாவிய இம்பாக்ட் கன்னுல போட விடாதீங்க, பல்லு உடைஞ்சா அப்பறம் நீங்களே உங்க வண்டிக்குத் திருடன்.

சில்லறை வழின்னா வெளிய நீண்ட மறைய சுத்தியால நசுக்கறது, இல்ல நட்டும் போல்ட்டும் சேர்ற எடத்துல சென்டர் பஞ்சால மூணு குத்து. கேவலமா தெரியும், ஆனா வேலை செய்யும், அதிர்வுக்கும் ஆளுக்கும் ரெண்டுக்குமே ஓரளவு ஆகும். வெல்டிங் பொட்டு வெக்கற பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது, 10.9 மாதிரி போல்ட்டுல அந்த சூடே பலத்த கெடுத்துடும், துத்தநாக முலாம் பூசின ஜிஐல வெச்சா துத்தநாகப் புகை, ராத்திரி குளிர் ஜுரம் வந்து படுத்திருப்பீங்க, வெச்ச எடத்துல முலாம் போய் மொத துருவும் அங்கதான்.

உலோகம் பத்தி ரெண்டு வார்த்தை. சூடா முக்கி எடுத்த ஜிஐ போல்ட்டுக்கு முலாம் தடிமனா இருக்கும், அதுக்குன்னு மறைய பெருசா வெட்டின நட்டுதான் சேரும், சாதா நட்டு ஏறாது, அந்த பெரிய மறை நட்ட சாதா போல்ட்டுல போட்டா லொடலொடன்னு ஆடும், நம்ம ஊர் பேச்சுல மறை கழண்ட கேஸ்னு சொல்வோமே அதேதான். எஸ்எஸ் போல்ட்டுல எஸ்எஸ் நைலாக்க மெஷின் வெச்சு வேகமா ஓட்டினா பாதில உரசி சூடாகி ஒட்டிக்கும், முன்னாலயும் போகாது பின்னாலயும் வராது, அறுக்கத்தான் வேணும். கையால, மெதுவா, மறைல ஒட்டிக்காம தடுக்கற ஆன்டி சீஸ் பசை தடவி, ஆயில் கணக்குக்கு முறுக்க குறைச்சு. எஸ்எஸ் போல்ட்டுல துத்தநாகக் கலவை ஷியர் நட்டு போட்டா மழை ஈரத்துல நட்டுதான் மொதல்ல அரிக்கும்.

இப்ப உங்க மூணுக்கு வரேன். பேனல் ஸ்டாண்டுக்கு எதிரி ஆளு, காத்துல கொஞ்சம் ஆட்டமும் உண்டு, அதனால எஸ்எஸ் கேரியேஜ் போல்ட்டு, நீள ஓட்டைக்கு பெரிய வாஷர், எஸ்எஸ் நட்டு சரியான முறுக்குல, மேல எஸ்எஸ் ஷியர் நட்டு மறைல நீல மருந்தோட. எல்லா போல்ட்டுக்கும் வேணாம், ஒரு பேனலுக்கு மூலைக்கு மூலை ரெண்டு போட்டா அத எடுக்க முடியாது, மிச்சம் சாவி நட்டாவோ சாதாவோ இருந்தா ரிப்பேருக்கு உங்களுக்கும் கஷ்டம் குறையும்.

பம்புக்கு எதிரி அதிர்வு மட்டும், அதுவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை நீங்களே கழட்டுவீங்க, அங்க ஷியர் நட்டு போட்டா உங்க கையால உங்களுக்கே சூனியம். மோட்டார் கால்ல ஜோடி வாஷர், 8.8 போல்ட்டு, டார்க் ரெஞ்ச், பெயிண்ட் கோடு. ஆனா ஒண்ணு, பம்பு நட்டு அடிக்கடி கழலுதுன்னா நட்ட திட்டாம மோட்டாரையும் பம்பையும் இணைக்கற கப்ளிங் நேரா இருக்கா, மோட்டாரோட நாலு காலும் சமமா உக்காருதா பாருங்க. ஒரு காலுக்கடில இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ் நுழைஞ்சா அந்தக் காலுக்கு ஷிம்முங்கற மெல்லிசு தகடு வெக்கணும், நட்டு பிரச்சனையே இல்ல அது.

கேட்டுதான் சிக்கல். கீல் திரும்பணும், கழலக்கூடாது, எவனும் கழட்டவும் கூடாது. நைலாக் போட்டா திரும்பும், ஆனா ஸ்பேனர்ல வந்துடும். ஷியர் நட்டு போட்டா கழுத்து முறியற அளவுக்கு முறுக்கணுமே, அதுக்குள்ள கீல் நெரிஞ்சு கேட்டே ஆடாது, நிறைய பேர் இங்கதான் பாதில விட்டு தலையோட ஷியர் நட்ட விட்டுட்டுப் போயிடறாங்க, அது சாதா நட்டுக்கு சமம். வழி என்னன்னா போல்ட்டுக்கு மேல ஒரு குழாய்த் துண்டு போடுங்க, கீல் தகட்டோட தடிமன விட ஒரு நூல் நீளமா வெட்டினது, கீல் ஓட்டைய அந்தக் குழாய்க்குத் தகுந்த மாதிரி பெருசாக்கிக்கோங்க, ரெண்டு பக்கமும் ஓட்டைய மூடற வாஷர். இப்ப நட்டு எவ்ளோ முறுக்கினாலும் குழாய்தான் நெரியும், கீல் அது மேல ஜாலியா சுத்தும், தலை டக்குன்னு முறியும். குழாய்ல கிரீஸ் தடவிட்டு மாட்டுங்க, மாட்டினப்பறம் தடவ வழி இருக்காது.